பழைய உயர்தர ஆடியோ: வாங்கும் முன், விற்கும் முன்

எனக்குக் கேள்வி அனுப்பியவர் பல வருடங்களாக ஒரு சாதாரண ஸ்டீரியோவில் பாட்டு கேட்டு வருகிறார். இப்போது நல்ல ஸ்பீக்கர், நல்ல ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), முடிந்தால் இசைத்தட்டு கேட்க ஒரு டர்ன்டேபிள் என்று ஆசை. புதிதாக வாங்க விலை எட்டவில்லை. "பழையது வாங்கலாமா? ஏமாறாமல் வாங்குவது எப்படி? கையில் இருப்பதை எப்படி விற்பது?" என்று மூன்று கேள்விகளையும் ஒன்றாகக் கேட்டிருக்கிறார்.

வாங்கலாம். இருபது வருடத்துக்கும் மேலாக நான் வாங்கியதில் முக்கால்வாசி யாரோ ஒருவர் வீட்டில் பாடிக்கொண்டிருந்தவைதான். அதில் நான்கைந்து முறை நன்றாகச் சூடு பட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் காரணம் ஒன்றே: காதுக்குப் பிடித்துவிட்டது என்று மற்றதைப் பார்க்காமல் விட்டது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானம் இல்லை, காசு கொடுத்து வாங்குவது. பல், குளம்பு, வால் எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். அந்தப் பெட்டி எப்படிப் பாடும் என்று ஊரே எழுதி வைத்திருக்கும். உங்கள் முன்னால் இருக்கும் இந்த ஒரு பெட்டிக்கு இன்னும் எவ்வளவு ஆயுள் மிச்சம், கெட்டால் சரிசெய்ய பாகமும் ஆளும் கிடைப்பார்களா என்பதை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அதைத்தான் நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள்.

இந்தக் கணக்கில் பார்த்தால் பழையதாக வாங்கத் தோதானது சாதாரண பாஸிவ் ஸ்பீக்கர். உள்ளே ஆம்ப் போன்ற மின்னணு ஏதும் இல்லை. காந்தம், கூம்பு, சில கெப்பாசிட்டர், சில சுருள், அவ்வளவுதான். அடுத்து, பேர்பெற்ற நிறுவனத்தின் டிரான்ஸிஸ்டர் ஆம்ப். அதற்கடுத்து இயந்திர அமைப்பு எளிமையான டர்ன்டேபிள். தயங்க வேண்டியவை: இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் நெட்வொர்க் ஸ்ட்ரீமர், ஹோம் தியேட்டர் ரிசீவர், ஆம்ப் உள்ளேயே பொருத்திய சப்வூஃபர். ஸ்ட்ரீமரின் உயிர் அதை இயக்கும் மொபைல் செயலியில் (ஆப்) இருக்கிறது. நிறுவனம் அந்தச் செயலியைக் கைவிட்ட நாளில், அழகான அலுமினியப் பெட்டி காகிதம் பறக்காமல் வைக்கத்தான் ஆகும். ரிசீவர்களின் கதையும் அதே. ஆம்ப் பகுதி நன்றாகவே இருக்கும். ஆனால் டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ முறையில் 2.0 வந்தது 2013-ல், 2.1 வந்தது 2017-ல். ஒவ்வொரு முறையும் முந்தைய பெட்டிகள் ஒரேயடியாகக் கிழடு தட்டின. டிஜிட்டல் பதிவை ஆம்புக்கு ஏற்ற ஒலிக்குறியாக மாற்றும் டாக் வகைகள் இரண்டுக்கும் நடுவே. அவை சீக்கிரம் விலை இறங்கும். வாங்குபவருக்கு அது லாபம்தான், யுஎஸ்பி உள்ளீட்டுக்கான மென்பொருள் இன்றைய கணினியில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டால்.

ஆம்பிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் ஏமாறுவது அங்கேதான். ஆம்பில் முதலில் கிழடு தட்டுவது எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். உள்ளே ஈரப்பசை உண்டு. சூட்டில் அது மெல்ல உலர்கிறது. வேலை செய்யும் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. அதனால் எப்போதும் முழு மின்சாரம் இழுக்கும் கிளாஸ் ஏ வகை ஆம்ப் பாட்டுக்கு எவ்வளவு இனிமையோ கெப்பாசிட்டருக்கு அவ்வளவு கொடுமை. பாடினாலும் பாடாவிட்டாலும் அது கொதித்துக்கொண்டேதான் இருக்கும். காற்றோட்டம் இல்லாத மூடிய அலமாரியில் பத்து வருடம் வைத்திருந்தவரிடமிருந்து கிளாஸ் ஏ ஆம்ப் வாங்குவதும், திறந்த மேசையில் வைத்திருந்தவரிடம் வாங்குவதும் ஒன்றல்ல, மாடல் எண் ஒன்றாகவே இருந்தாலும். போனால் அது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று காட்டச் சொல்லுங்கள். பெட்டியைவிட அலமாரி அதிகம் பேசும்.

என் சொந்தக் கதை ஒன்று. ஒரு பெரிய பவர் ஆம்ப் பார்க்கப் போனேன். போய்ச் சேர்ந்தபோது அது பாடிக்கொண்டே இருந்தது, வீட்டுக்காரரும் நல்ல மனுஷன். ஒரு மணி நேரம் கேட்டேன், குறையே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் காலை போட்டால் ஸ்பீக்கரில் 'டொம்' என்று ஒரு அடி, பிறகு ஐந்து நிமிடத்துக்கு இடது பக்கம் கரகரப்பு. சூடேறியதும் எல்லாம் மறைந்துவிடுகிறது. நான் வருவதற்கு முன்பே அதைச் சூடாக்கி வைத்திருந்தது தற்செயலா தந்திரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து, போகும் முன்பே சொல்லிவிடுவேன்: "நான் வரும்வரை போடாமல் வையுங்கள்." போனதும் முதல் வேலை மேல்மூடியில் கை வைத்துப் பார்ப்பது. குளிர்ந்திருக்க வேண்டும்.

பிறகு போடச் சொல்லுங்கள். பாதுகாப்பு ரிலே (தானாக இணைக்கும் ஸ்விட்ச்) உள்ள ஆம்பில் சில விநாடிகள் கழித்து 'க்ளிக்' கேட்கும். வழக்கத்தைவிட நேரமெடுத்தாலோ, க்ளிக் வந்தும் ஒரு பக்கம் மட்டும் பாடினாலோ ரிலேயின் முனைகள் கருத்திருக்கலாம். அது சின்ன வேலை. ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வந்தால் பெரும்பாலும் தூசி, அதுவும் சின்ன வேலை. ஆனால் ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். உள்ளீடு எதுவும் இல்லாமல், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் நேர்மின்னழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். சில மில்லிவோல்ட் என்றால் அருமை. 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் ஏன் என்று கேட்க வேண்டும். வோல்ட் கணக்கில் இருந்தால் அந்த ஆம்ப் உங்கள் வூஃபரின் (கீழ்ச்சுருதி பாடும் கூம்பு) சுருளை எரிக்கக் காத்திருக்கிறது. இரண்டு எச்சரிக்கை. டிரான்ஸிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வைத்த வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் போடவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். எந்த ஆம்பையும் பிளக்கைப் பிடுங்கிய உடனே உள்ளே தொடக் கூடாது; பெரிய கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஆளையே தூக்கி எறியும்.

மூடியைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். "திறக்கக் கூடாது" என்பவரிடம் கோபப்பட வேண்டாம், கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள். உள்ளே பார்க்க வேண்டியது எளிது: மேல் உப்பிய கெப்பாசிட்டர், பழுப்பேறிய போர்டு, ஒரு பக்கத்து டிரான்ஸிஸ்டர் ஒரு எண்ணிலும் மறு பக்கத்தது வேறு எண்ணிலும் இருப்பது, சாலிடர் வைத்த இடத்தில் துடைக்காத பிசின். கடைசி இரண்டும் யாரோ அவசரக் கைவேலை செய்திருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி. கைவேலை நடந்திருப்பது தப்பில்லை, சொல்லாமல் மறைத்திருந்தால்தான் தப்பு. "எல்லா கெப்பாசிட்டரும் மாற்றியாச்சு" என்ற வாசகம் விளம்பரத்தில் அடிக்கடி வரும். யார் மாற்றியது, எப்போது, என்னென்ன பாகம், படம் இருக்கிறதா? நல்ல கைவினைஞர் செய்த வேலைக்கு ரசீதும் படமும் இல்லாமல் இருக்காது. விலையுயர்ந்த கெப்பாசிட்டர்களை இடம் பற்றாமல் பசை போட்டு ஒட்டி, "மேம்படுத்தியது" என்று விலையேற்றி விற்பவர்களும் உண்டு. அதற்கு நான் விலையைக் குறைத்துத்தான் கேட்பேன்.

பாகம் கிடைக்குமா என்ற கேள்விக்கு ஓர் உதாரணம். 1970-களின் நடுவில் யமாஹாவும் சோனியும் வி-ஃபெட் என்ற வகை டிரான்ஸிஸ்டரை வைத்து ஆம்ப் செய்தன. யமாஹா பி-1 அதில் பேர்பெற்றது. கேட்டால் மயங்கிவிடுவீர்கள். ஆனால் அந்த அவுட்புட் பாகங்கள் எப்போதோ உற்பத்தி நின்றவை. ஒன்று போனால் இன்னொரு செத்த ஆம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அது சேகரிப்பாளருக்கான பொருள். தினமும் நான்கு மணி நேரம் பாட்டு கேட்கும் வீட்டுக்கு, அதே காலத்தில் சாதாரண டிரான்ஸிஸ்டரில் கட்டிய ஆம்ப் மேல்.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை இன்று உலகமெங்கும் சுற்றுகின்றன. அவை 100 வோல்ட்டுக்கானவை. பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் 230 வோல்ட்டில் செருகியவர்களின் சோகக் கதைகள் ஏராளம். இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஆம்புக்குப் போதும், அதன் வாட் கொள்ளளவு ஆம்ப் இழுப்பதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். டர்ன்டேபிளில் இன்னொரு சிக்கல்: பழைய பெல்ட் வகைகள் பலவற்றில் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு சுற்றும். 60 ஹெர்ட்ஸுக்கான புல்லி போட்டதை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஏறக்குறைய 17 சதவீதம் மெதுவாகச் சுற்றும். பாடகி பாடகர் ஆகிவிடுவார். புல்லியை மாற்றலாம், ஆனால் அது கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

ஸ்பீக்கர். முன்னட்டையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். அது ரப்பரா, துணியா, ஃபோமா? ஃபோம் என்றால் பாடினாலும் பாடாவிட்டாலும் பதினைந்து இருபது வருடத்தில் உதிரும். விரல் பட்டால் பிசுபிசுத்தாலோ பொடியாக வந்தாலோ முடிந்தது. அதனால் வாங்கக் கூடாது என்றில்லை. புது வளையம் ஒட்டுவது வழக்கமான பழுதுபார்ப்புதான், அந்தக் கூலியை விலையில் கழித்தால் சரி. ஏற்கெனவே மாற்றியது என்றால், இரண்டு பக்கமும் விரல் வைத்துக் கூம்பை மெதுவாக, சமமாக உள்ளே தள்ளுங்கள். காதை அருகில் வையுங்கள். உரசும் சத்தம் வந்தால் சுருள் நடுவில் உட்காரவில்லை. மேல்சுருதி பாடும் ட்வீட்டரின் குவிமாடத்தை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் தொடாதீர்கள், உள்ளே அமுங்கியதை வெளியே இழுப்பது எல்லாருக்கும் கைவராது. யமாஹாவின் என்எஸ்-1000எம் 1974-ல் வந்தது. அதன் குவிமாடங்கள் பெரிலியம். அது உடைந்து தூளானால் அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அந்த ஸ்பீக்கரில் முன்வலை நசுங்கியிருந்தால் நான் கிட்டவே போக மாட்டேன்.

இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றாகப் பிறந்தவையா என்று வரிசை எண்ணைப் பாருங்கள். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ இதற்கு நல்ல உதாரணம். சிறிய பெட்டி, பல நிறுவனங்கள் உரிமம் வாங்கிச் செய்தவை. ஆரம்பக் காலத்தவையின் மின்தடை 15 ஓம், 1980-களின் இறுதியில் 11 ஓம் வகை வந்தது. ஜோடி ஜோடியாகப் பொருத்தம் பார்த்து விற்கப்பட்டவை. ஒன்று கெட்டுப்போய் வேறெங்கிருந்தோ இன்னொன்றைச் சேர்த்தால், வெளித்தோற்றம் அப்படியே இருக்கும், பாடகரின் குரல் மட்டும் நடுவில் நிற்காமல் அலையும். அதைக் கண்டுபிடிக்க, இரு பக்கமும் ஒரே ஒலி வரும் ஒரு மோனோ பதிவு போதும். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் உட்காருங்கள். குரல் ஊசிமுனை போல நடுவில் நிற்க வேண்டும். பிறகு இடம் வலம் கம்பிகளை மாற்றிப் போட்டும் கேளுங்கள். குறை அதே ஸ்பீக்கரில் இருந்தால் ஸ்பீக்கரின் குறை, மறுபக்கம் தாவினால் ஆம்பின் குறை. சோதனைக்கு விற்பவர் கொடுக்கும் பாட்டை நம்ப வேண்டாம். உங்களுக்கு ஒவ்வொரு மூச்சும் தெரிந்த பாட்டைக் கொண்டுபோங்கள். மெல்லிய ஒலியிலும் கேளுங்கள். சத்தமாகப் போட்டால் பல குறை அமுங்கிவிடும்.

கூம்புக்குப் பதில் மெல்லிய படலம் அதிர்ந்து பாடும் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் பற்றி ஒரு வார்த்தை. குவாட் நிறுவனத்தின் முதல் எலக்ட்ரோஸ்டாட்டிக் 1957-ல் வந்தது. மனிதக் குரலில் அதை மிஞ்சியதைத் தேட வேண்டும் என்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதன் பேனல்கள் காலப்போக்கில் சோர்ந்துபோகும், ஒரு பக்கம் மெலியும், அளவுக்கு மீறிய சத்தத்தில் உள்ளே தீப்பொறி தாவும். இருட்டில் போட்டுப் பாருங்கள். 'டிக் டிக்' சத்தமும் நீலப் பொறியும் தெரிந்தால் பேனல் மாற்றும் செலவைக் கணக்கில் எடுங்கள். இப்போதும் அதைப் புதுப்பித்துத் தரும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் அதை வாங்கலாம் என்கிறேன்.

டர்ன்டேபிளில் பெயரைப் பார்த்து விலை பேசக் கூடாது, உள்ளடக்கத்தைப் பார்த்துப் பேச வேண்டும். லின் எல்பி12 என்று சொன்னால் அது ஒரு பொருள் அல்ல, அரை நூற்றாண்டுக் குடும்பம். 1970-களில் வந்த அதே பெயரில் இன்றும் விற்கிறது; நடுவில் பேரிங், துணைச்சட்டம், மின்வழங்கி எல்லாம் பலமுறை மாறின. வல்ஹல்லா மின்வழங்கியுடனா, லிங்கோவுடனா, சர்க்கஸ் பேரிங் போட்டதா, ஊசியைத் தாங்கும் கை எந்த வகை என்று கேட்காமல் விலை சொல்லவே முடியாது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 நேர்மாறு: 1972-ல் தொடங்கி, 1979-ல் எம்கே2 ஆகி, 2010-ல் நின்று, 2016-ல் மீண்டு வந்தது. எம்கே2 எத்தனை லட்சம் கைமாறினாலும் ஏறக்குறைய ஒரே பொருள். அங்கே பார்க்க வேண்டியது அது நடனக் கிளப்புகளில் டிஜேக்களிடம் உழைத்ததா, வீட்டில் இருந்ததா என்பதுதான். வேகக் கட்டுப்பாட்டின் தேய்மானமும் கையின் ஆட்டமும் அதைச் சொல்லிவிடும்.

கையின் ஆட்டம் பார்ப்பது எப்படி? ஊசிக்கு உறை போட்டுவிட்டு, கையின் தலைப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து மிக மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். லேசாகக்கூட 'லொடக்' என்று இடம் கொடுத்தால் பேரிங் போனது. இசைத்தட்டு உட்காரும் மேடையைக் கையால் சுழற்றிவிட்டு அச்சுப் பக்கம் காதை வையுங்கள், மணல் அரைப்பது போல் கேட்கக் கூடாது. கூட வரும் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்திய சின்னப் பாகம்) விலையே வைக்காதீர்கள். "ஐம்பது மணி நேரம்தான் ஓடியது" என்பதை நிரூபிக்க யாராலும் முடியாது. ஊசிமுனை சாதாரண வகையில் 500 மணி, நல்ல வகையில் 1000 மணி என்று வைத்துக்கொண்டாலும், ஓடாமலே இருபது வருடம் டிராயரில் கிடந்ததன் ரப்பர் இறுகிப் போயிருக்கும். மூவிங் காயில் என்ற வகைக் கார்ட்ரிட்ஜில் பெரும்பாலும் ஊசியை நீங்களே மாற்றவும் முடியாது.

சிடி பிளேயரில் மரணம் லேசர் பக்கம். சிடி உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிப் படிக்கப்படுவது. அதனால் முதல் பாட்டு நன்றாகப் பாடுவதில் அர்த்தமில்லை. எழுபது நிமிடத்துக்கு மேல் உள்ள தட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கடைசிப் பாட்டைப் போடுங்கள். வீட்டில் எழுதிய சிடி ஒன்றும் போட்டுப் பாருங்கள். அதில் பிரதிபலிப்பு குறைவு, தளர்ந்த லேசர் அங்கேதான் தடுமாறும். எண்பதுகளின் பேர்பெற்ற பிளேயர்கள் பலவற்றின் லேசர் பகுதி இன்று புதிதாகச் செய்யப்படுவதில்லை. அழகான பிளேயருக்கு அழகான விலை கொடுக்கும் முன் அந்த ஒரு பாகத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

வால்வு ஆம்பில் வால்வு தேய்பொருள், டயர் மாதிரி. அவுட்புட் வால்வுகள் சில ஆயிரம் மணி நேரத்தில் தளரும், சின்ன வால்வுகள் பல மடங்கு நீடிக்கும். எனவே ஆம்பின் விலையில் ஒரு செட் அவுட்புட் வால்வு விலையைக் கழித்துப் பேசுவது நியாயம். பழைய ஐரோப்பிய வால்வுகளுக்குப் போலி அச்சு ஏராளம். கண்ணாடியில் பெயர் அச்சடிப்பது ஒரு பெரிய வித்தை இல்லை. உதாரணமாக, டெலிஃபங்கன் தன் ஆலையில் செய்த இசிசி83 வால்வின் அடியில், ஊசிகளுக்கு நடுவே கண்ணாடியிலேயே ஒரு வைர வடிவம் புடைத்திருக்கும். பெயர் மட்டும் இருந்து அது இல்லையென்றால் அந்த விலை கொடுக்காதீர்கள். போலி அதிகம் புழங்கும் மற்ற இடங்கள் கேபிளும் இயர்போனும். இரண்டிலும் பளபளப்பு எளிது, உள்ளே பார்ப்பது கடினம். விலையுயர்ந்த கேபிளைப் பழையதாக வாங்குவதாக இருந்தால், முதல் ரசீது இல்லாமல் வேண்டாம். இதில் என் பாரபட்சத்தையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போட்டால் எந்தக் காதுக்கும் வித்தியாசம் தெரியும்.

இனி ஆள். விற்பவரிடம் மூன்று கேள்வி கேட்பேன். எத்தனை வருடமாக உங்களிடம் இருக்கிறது? இதை விற்றுவிட்டு எதில் கேட்கப் போகிறீர்கள்? இதில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன? மூன்றாவதுதான் முக்கியம். உண்மையில் அதில் பாட்டு கேட்டவர் தயங்காமல் ஏதாவது சொல்வார்: "கீழ்ச்சுருதி கொஞ்சம் இளகல்", "ரிமோட் பொத்தான் சரியாக அமுங்காது" என்று. "குறையே கிடையாது" என்பவர் ஒன்று கேட்டதில்லை, அல்லது சொல்லப்போவதில்லை. தொலைவில் இருப்பவரென்றால், இன்றைய தேதி எழுதிய தாளைப் பெட்டியின் மேல் வைத்து, வரிசை எண் தெரிய ஒரு படம் கேளுங்கள். அடுத்தவர் படத்தைத் திருடி விளம்பரம் போடுபவர் அங்கேயே காணாமல் போவார். வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தால் திருட்டுப் பொருளாக இருக்கலாம். எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

விலைக்கு ஒரே அளவுகோல், அதே மாடல் சமீபத்தில் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பது. விளம்பரத்தில் கேட்கும் விலை ஆசை, அவ்வளவுதான். ஆறு மாதமாக ஒரே விலையில் தொங்கும் விளம்பரத்தைக் காட்டி "சந்தை விலை இது" என்பார்கள். அது விற்காத விலை. பொதுவாக, புதுப்பொருளின் விலையில் பெரிய சரிவு முதல் உரிமையாளர் தலையில் விழும், ஏனென்றால் விற்பனையாளரின் லாபமும் அதில் அடக்கம். அடுத்த சில வருடங்கள் மெதுவாக இறங்கி, பிறகு ஏறக்குறைய நின்றுவிடும். அந்தச் சமதளத்தில் வாங்கினால், மூன்று வருடம் கேட்டுவிட்டு வாங்கிய விலைக்கே விற்க வாய்ப்புண்டு. கெராட் 301 டர்ன்டேபிள் போல 1950-களில் பிறந்து விலை ஏறிக்கொண்டே போகும் சில உண்டு. அவற்றை முதலீடாக நினைத்து வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. பூட்டி வைத்தால் எண்ணெய் காய்ந்து போகும்.

பேரம் பேசும்போது குறையை எண்ணிக்கையாக்குங்கள். "கொஞ்சம் குறைக்கக் கூடாதா" என்பதைவிட, "வளையம் மாற்ற இவ்வளவு, பெல்ட் இவ்வளவு, ஆக இவ்வளவு குறைத்துக்கொள்ளலாம்" என்றால் எவரும் காது கொடுப்பார். பணம் கொடுப்பதில், பொருளைப் பார்க்காமல் முன்பணம் வேண்டாம். நீங்கள் விற்பவராக இருந்தால், பணம் அனுப்பிவிட்டதாக எதிராளி காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் நீங்களே பார்த்த பிறகுதான் பொருள் வாசலைத் தாண்ட வேண்டும். சொன்னதைவிட அதிகமாக அனுப்பிவிட்டு "மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்பவர் வந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

விற்கும் பக்கம் சுருக்கமாக. கடைக்குக் கொடுத்தால் காசு குறையும், தலைவலியும் குறையும். நேரமில்லாதவருக்கு அது கேவலமான வழியல்ல. நீங்களே விற்பதானால், விற்பதற்காக எதையும் மேம்படுத்தாதீர்கள், போட்ட காசு திரும்பாது. மாறாக, நீங்கள் ஏற்கெனவே மாற்றிய பாகங்களைக் கழற்றிப் பழையதைப் போட்டு, மேம்பாட்டைத் தனியாக விற்றால் இரண்டுக்கும் சேர்த்துக் கூடுதலாகவே கிடைக்கும். கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தால்தானே அது முடியும்! முதல் பெட்டி, கையேடு, ரிமோட், திருகுகள் எல்லாம் இருந்தால் விலை கண்கூடாகக் கூடும். ஸ்ட்ரீமர் என்றால் உங்கள் கணக்கிலிருந்து நீக்கி, ஆலை நிலைக்குத் திருப்பிக் கொடுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் இரவு பதினொரு மணிக்கு அழைப்பார்.

படம் எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில், பின்பக்கமும் மூலைகளும் தெரிய எடுங்கள். கீறலைத் தனியாக, நாணயம் பக்கத்தில் வைத்து எடுங்கள். ஒருமுறை ஒரு ஜோடி ஸ்பீக்கரின் அடிமூலையில் பிள்ளை மோதிய தழும்பை முதல் படமாகவே போட்டேன். இரண்டே நாளில் ஒருவர் பேரமே பேசாமல் வாங்கிப் போனார். "இதையே காட்டுகிறவர் வேறெதையும் மறைத்திருக்க மாட்டார்" என்றார். வாங்க வருபவருக்கு நேரம் கொடுங்கள், அவர் பாட்டைப் போடவிடுங்கள். ஆனால் ஒலிக் குமிழ் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். இன்னும் உங்களுடையதாக இருக்கும் ட்வீட்டரை அடுத்தவர் உற்சாகத்தில் எரிக்க வேண்டாம்.

அனுப்புவதில்தான் நல்ல பொருள் சாகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அலுத்துக்கொண்டு பொதி கட்டுவதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒருமுறை எனக்கு வந்த டர்ன்டேபிளில் மேடையைக் கழற்றாமலே அனுப்பியிருந்தார்கள். வழியெல்லாம் குதித்துக் குதித்து அச்சின் அடித்தட்டில் குழி விழுந்திருந்தது. மேடை, எதிரெடை, தலைக்கூடு, மூடி எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். கையை அதன் தாங்கியோடு கட்ட வேண்டும். ஸ்பிரிங்கில் தொங்கும் டர்ன்டேபிள்கள் பலவற்றுக்குப் போக்குவரத்துத் திருகுகள் உண்டு, சில சிடி பிளேயரின் அடியிலும் உண்டு; அவற்றை இறுக்காமல் அனுப்பக் கூடாது. வால்வுகளைப் பிடுங்கி எண் போட்டுத் தனிப் பெட்டியில். பவர் ஆம்பின் எடை முழுதும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் சாய்ந்திருக்கும்; மெல்லிய தெர்மோகோலில் வைத்தால் அதுவே பெட்டியைக் கிழித்து வெளியே வரும். பெட்டிக்குள் பெட்டி, நடுவே கெட்டி ஃபோம், கட்டும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம், முழு விலைக்குக் காப்பீடு. முடிந்தால், இவை எதுவும் வேண்டாம், நேரில் வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்தில், முதலில் ஸ்பீக்கரை மட்டும் மாற்றுங்கள். இருக்கும் ஆம்பிலேயே சில மாதம் கேளுங்கள். அது போதவில்லை என்று உங்கள் காதே சொன்ன பிறகு ஆம்ப் தேடலாம், டர்ன்டேபிள் கடைசியில். அதுவரை விற்கவிருக்கும் பழைய ஸ்டீரியோவின் ரிமோட்டிலிருந்து பேட்டரியை இன்றே கழற்றிவிடுங்கள். அது கசிந்து ரிமோட் போனால், வாங்க வருபவர் அதைச் சொல்லியே விலையைப் பாதியாக்குவார்.